அடக்கக் கற்றுக்கொடுத்தவள்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல். குழாய் வைத்து, மருந்து ஏற்றிப் படம் எடுத்ததில் விஷயம் தெரிந்தது. மூத்திரம் பையிலிருந்து திரும்ப மேலே, கிட்னிக்கே ஏறுகிறது. ஒரு கிட்னியில் ஏற்கெனவே தழும்பு. கிழிக்காமல் உள்ளே ஊசி போட்டுப் பார்க்கலாம், அதற்கும் நிற்காவிட்டால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டரம்மா. பிறகு, "பாப்பா ஒண்ணுக்க அடக்குவாளா?" என்று கேட்டார்.

அடக்குவாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தைக்கிறவள் நான். மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் கத்துவான் என்று அரை டம்ளர் தண்ணீரோடு சாயங்காலம்வரை ஓட்டுவோம். எங்கள் லைனில் எல்லோரும் அப்படித்தான். "இஸ்கூல் பாத்ரூம் நாத்தம். தண்ணி குடிக்காத, வீட்டுக்கு வந்து போ" என்று அவளையும் பழக்கினேன். சமர்த்து என்று பெருமை வேறு. சீ!

"அடக்கினதால வந்ததில்லம்மா, பொறவியிலயே இருந்திருக்கும். ஆனா அடக்க அடக்க ஜாஸ்தியாகும்" என்றார்.

ஊசி ஒரே நாளில் முடிந்தது. மயக்கம் கொடுத்து, ஒண்ணுக்குப் போகிற வழியாகவே குழாய் விட்டு, கிட்னியிலிருந்து வரும் குழாயின் வாயில் பசை மாதிரி ஒன்றை ஏற்றி மேடாக்கினார்கள். "என் வேலைய முடிச்சுட்டேன். இனி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி அவ போகணும். அது உங்க பொறுப்பு" என்றார் டாக்டரம்மா.

விடுவேனா? பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸோடு சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். புது பாட்டில் வாங்கித் தந்தேன். சாயங்காலம் அது நிறைந்தபடியே திரும்பி வந்தது. ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் அசையவில்லை.

"நீ மட்டும் கம்பெனில போறியா? நீயுந்தான் தண்ணி குடிக்கறதில்ல."

ஓங்கிய கையை இறக்கினேன்.

மறுநாள் நானும் பாட்டிலோடு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு எழுந்தேன். "எல்லி ஹோக்தியா?" எங்கே போகிறாய் என்று கன்னடத்தில் கத்தினான் சூப்பர்வைசர். "பாத்ரூமுக்கு. பன்னெண்டுக்கும் போவேன். பீஸ் கொறஞ்சா சாப்பாட்டு நேரத்துல தெச்சுத் தரேன்" என்றேன். பதிலுக்கு நிற்காமல் போனேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொன்னேன். அடுத்த நாள் அவள் பாட்டில் பாதியாகக் குறைந்து வந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இப்ப மேல ஏறலம்மா" என்றார்.

வராந்தாவுக்கு வந்து வெட்கமில்லாமல் அழுதேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்புறமா அழுவும்மா. ரெண்டு மணி நேரமாச்சு. வா, ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."