நடுவில் உட்கார்ந்தவள்

பல் டாக்டர் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக அப்பாயின்ட்மென்ட் நோட்டு எழுதுகிறவளுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். ஒருவர் கண்ணில் இன்னொருவர் படாமல் பார்த்துக்கொள்வது. பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சைக் கடித்தபடி கண்ணீரோடு வெளியே வருகிறவரை அடுத்து உள்ளே போக வேண்டியவர் பார்த்துவிட்டால் முடிந்தது கதை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விடுவார். அதனால் இரண்டு பேருக்கும் நடுவே இருபது நிமிஷம் விடுவாள். பிடுங்கலுக்குச் சிவப்புப் பென்சில், சும்மா காட்டிவிட்டுப் போவதற்கு நீலம். இத்தனை வருஷத்தில் சிவப்பும் நீலமும் மோதியது இரண்டே தடவை. அதுவும் டாக்டர் செய்த குளறுபடி என்பாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் நடு. மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள், அவ்வளவுதான் விஷயம். பெரியவளும் சின்னவளும் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். பெரியவள் மகளின் கல்யாணத்தன்று, பெரியவளுக்குச் சேலை சரிகிறது என்று ஊக்கு தேடி ஓடினாள் சின்னவள். ஊக்கோடு திரும்பி வருவதற்குள் குடும்பப் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். யாருக்காக ஓடினாளோ அவளே நடுநாயகமாக நின்று சிரித்திருக்கிறாள். இதற்குப் போய் ஒன்பது வருஷமா என்று கேட்கக் கூடாது. அக்கா தங்கைச் சண்டையை வெளியாள் எடை போட முடியாது.

இதில் நடு யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. போட்டோக்காரர் கையைத் தூக்கியபோது, சின்னவளைக் காணோமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பெரியவளுக்கு ஒரு ஃபோன், சாயங்காலம் சின்னவளுக்கு ஒரு ஃபோன். அங்கே நடந்ததை இங்கே, இங்கே நடந்ததை அங்கே. சொன்னதை அப்படியே சொன்னால் வீடு பற்றிக்கொள்ளும் என்று கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வாள். கேட்காதவள் கேட்டதாக, விசாரிக்காதவள் விசாரித்ததாக. பச்சையாகச் சொன்னால் பொய். என்றைக்காவது இரண்டு பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு இந்தக் கட்டை எப்படிப் போனாலும் சரி என்பது அவளுடைய ஒரே ஆசை.

அந்த நேரத்தில்தான் ஒரே நாளில் இரண்டு ஃபோன் வந்தது. இதே ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பதினைந்து நாள் வரப்போவதாகப் பெரியவள் சொன்னாள். டீச்சர்களுக்கான பயிற்சிக்காக அதே பதினைந்து நாள் வரப்போவதாக டீச்சரான சின்னவள் சொன்னாள், காலையில் மட்டும்தான் வகுப்பாம், தங்குவது விடுதியிலாம். நடு அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்கலாம். அவள் எங்கே சந்தேகப்பட்டாள், உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்கு நீலம்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற அவள் வீட்டுக்காரர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்பிட்டா என்ன என்று ஒரு தடவை கேட்டார். அவள் பார்த்த பார்வையில் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் பெரியவளோடு போனாள். ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் தப்பான வீட்டில் கொடுத்துவிட்ட கடிதத்தைத் திரும்ப வாங்க ஒரு தபால்காரர் அலைகிற படம். புதன்கிழமை சின்னவளும் அதே படத்துக்குத்தான் போக வேண்டும் என்றாள். பார்க்கவே இல்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு நடு போய் உட்கார்ந்தாள். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் பக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. தபால்காரரின் மனைவி கதவைத் திறக்கிற அழுகைக் காட்சி வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே சின்னவள் கைப்பையில் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் நடு.

வியாழக்கிழமை சின்னவளோடு ஒரு மேஜிக் ஷோ. தூறல் என்று சின்னவள் பச்சைக் குடை கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு கம்பி உடைந்து நீல நூலால் கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பெரியவளோடு பாட்டுக் கச்சேரி. பெரியவள் கையில் ஒரு பச்சைக் குடை. ஒரு கம்பி உடைந்திருந்தது. அதில் நீல நூல் கட்டு.

பச்சைக் குடை ஊரெல்லாம் இருக்கும், சரி. எல்லோருடைய குடையிலும் அதே கம்பியா உடையும்? உடைந்தாலும் அதே நூலா? கச்சேரியில் என்ன பாடினார்கள் என்று கேட்டால் நடுவுக்குச் சத்தியமாகத் தெரியாது. இரண்டு மணி நேரமும் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் மகள் வீட்டில், சின்னவளைத் தவிர எல்லோருக்கும் விருந்து. நாலாவது மாடி, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தாள். சமையலறையில் ஒரு சின்ன டப்பா தனியாக மூடி வைத்திருந்தது. திறந்து பார்த்தால் காரம் போடாத குழம்பு. குடும்பத்திலேயே காரம் ஆகாதவள் சின்னவள் ஒருத்திதான். இது யாருக்கு என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்கு என்றாள் பெரியவள். அதே மூச்சில் அவள் மகள் மாடி வீட்டுக்கு என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள்.

இரண்டாவது வாரம் இன்னும் மோசம். சின்னவளோடு போய்ப் பார்த்ததை நடு வாய் தவறிப் பெரியவளிடம் சொன்னாள், மேஜிக்காரர் வாட்சைத் தொலைத்தது உட்பட. யாரோடு போனாய் என்று பெரியவள் கேட்கவேயில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாடகம், இன்னொரு சினிமா, சொந்தக்காரர் வீடு இரண்டு என்று எல்லாம் சேர்ந்து தலை கிறுகிறுத்தது. யாரிடம் எதைச் சொன்னோம், யாருடைய மூக்குக்கண்ணாடி புதுசு, யாருக்கு முழங்கால் வலி, ஒன்றும் பிடிபடவில்லை. ஐம்பத்து நாலு வயதிலேயே மூளை கழன்றுவிட்டதோ என்று பயந்தே போனாள். கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, மறதி எப்படி ஆரம்பிக்கும் என்று டாக்டரையே கேட்டாள். தனக்குக் கடைவாய்ப் பல் வரைக்கும்தான் தெரியும், அதற்கு மேலே போனால் வேறு டாக்டர் என்றார் அவர்.

கடைசிச் சனிக்கிழமைக்கு அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பையும் நீலத்தையும் வேண்டுமென்றே மோதவிடுவது. அதே தபால்காரர் படம், மதியக் காட்சி, வரிசையாக மூன்று டிக்கெட். சின்னவளை முதலிலேயே உள்ளே உட்கார வைத்துவிட வேண்டும். விளக்கு அணைந்த பிறகு பெரியவளைக் கூட்டிப் போய் மறுபக்கம் உட்கார வைத்து, தான் நடுவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். எழுந்து போனால் பின்வரிசைக்காரர் கத்துவார், அதனால் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இருபது நிமிஷ இடைவெளி விட்டு நேரம் சொல்லியிருந்தாள்.

தியேட்டர் வாசலில் மழை கொட்டியது. நடு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று சின்னவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பச்சைக் குடை வந்தது. குடைக்குக் கீழே நாலு கால். பெரியவள் சின்னவளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துத் தண்ணீரைத் தாண்ட, இரண்டும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு படியேறின. கதவைத் தள்ளி உள்ளே வந்த பிறகுதான் நடுவைப் பார்த்தார்கள்.

குடை தரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சின்னவள்தான் ஆரம்பித்தாள், அசடு வழிய. பேசிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகிறதாம். அவளுக்குக் கணுக்கால் முறிந்து படுத்திருந்தபோது, பெரியக்கா தினமும் உன்னைக் கேக்கறா என்று நடு சொன்னாளே, அதில் மனசு கேட்காமல் நன்றி சொல்லப் பெரியவளுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். சின்னவளுக்குக் கால் முறிந்ததே பெரியவளுக்குத் தெரியாது. ஏதாவது சுருக்கென்று சொல்லிவிடுவாள் என்று நடு அதை மறைத்திருந்தாள். ஆனாலும் பெரியவள் சமாளித்துக்கொண்டு, ஆமாம் தினமும் கேட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இந்தப் பதினைந்து நாளும் இரண்டு பேரும் பெரியவள் மகள் வீட்டில், ஒரே அறையில்தான் தங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும், இருபது நிமிஷ இடைவெளியில் இரண்டு பேருக்கும் ஒரே படம் என்றதுமே திட்டம் புரிந்துபோய், உள்ளே போய் எப்படித் திடுக்கிடுவது என்று பேசி வைத்துத்தான் கிளம்பினார்கள். ஒரே குடையில் சேர்ந்து வர வைத்து மழை கெடுத்துவிட்டது.

நடுவுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. ஒன்றரை வருஷமாகத் தினமும் இரண்டு வேளை நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு பேசியிருக்கிறாள். ஆசைப்பட்டது நடந்திருக்கிறது, அதுவும் இவள் இல்லாமல் நடந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் யாரோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா நீ தினமும் ஃபோன் பண்ண மாட்டியே. ஒருத்தியைப் பத்தி இன்னொருத்திகிட்டச் சொல்லத்தானே நீ பண்றேன்னு நெனச்சோம்."

நடு சின்னவள் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது தானாக வெளியே வந்தது. "அன்னைக்குப் போட்டோல நீ இல்லைன்னு எனக்குத் தெரியும்டீ. தெரிஞ்சும் வாயைத் திறக்கலை."

"எனக்கும் தெரியும் நடுக்கா," என்றாள் சின்னவள். "போட்டோவை நல்லாப் பாரு. எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க. நீ மட்டும்தான் வாசலைப் பாத்துட்டு இருக்க."

மணி அடித்தது. டிக்கெட் கிழிக்கிறவர் வழியை மறிக்காதீர்கள் என்றார். உள்ளே போனார்கள். பெரியவளும் சின்னவளும் தாராளமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம், இப்போது யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் இரண்டு பேரும் நடுச் சீட்டை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. மூன்று பேரும் பார்த்து முடித்த படம் ஆரம்பித்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நனைந்தவர்களுக்கு ஏசி சில்லென்று அடித்தது. பெரியவள் பழக்க தோஷத்தில் நடுவின் காதுப் பக்கம் சாய்ந்து, குளிருதான்னு அவளைக் கேளு என்றாள். நடு இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் இல்லைன்னு சொல்லு என்றாள் சின்னவள்.

நடு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ரொம்பக் குளிருதாம்," என்றாள்.

பெரியவள் தன் சால்வையை அவிழ்த்து நடுவின் மடி வழியாகச் சின்னவள் பக்கம் நீட்டினாள்.