பொடிமீனை மறைத்த மரியாதை

எங்கள் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் மீனைப் பனிக்கட்டிமேல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே நீளம். நேற்று அங்கே நின்றபோது என் கை தானாகப் போய் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தது. கடைப்பெண் ஓடிவந்து, தொடக் கூடாது ஆன்ட்டி என்றாள். இளவயதில் பழகிய கை. அவளிடம் அதை எப்படி விளக்குவது?

அப்போது எனக்கு அதுதான் வேலை. நகரத்தின் ஓரத்தில் இருந்த ஓர் ஏரியில் மீன்கள் நலமாக இருக்கின்றனவா, பெருகுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வில் தற்காலிக உதவியாளர். பெயர்தான் பெரிது. மீனைப் பலகையில் கிடத்தி அளப்பது, தராசில் போடுவது, செவுள் நல்ல சிவப்பா என்று பார்ப்பது, ஒரு செதிலைப் பிடுங்கி லென்சில் வைத்து வயதை ஊகிப்பது, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் திருமுல்கேரி பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். மகாராணி மாதிரி வருவேன். அந்தப் பெருமையெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். பிறந்ததிலிருந்தே சிகந்திராபாத்தில் இருந்தாலும் வேலூர்த் தமிழை விடாத அம்மா அங்கேயே மறிப்பாள். "உள்ள வர்றதெல்லாம் நக்கோ, வேணாம். பின்பக்கம் போயி குளிச்சிட்டு வா."

ஆய்வை நடத்தியவர் சாரதா மேடம். தூத்துக்குடிக்காரர், மீனைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஏரியில் வலை போட்டுத் தந்தவர் யாதய்யா. அந்தக் கரையில் மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர். அங்கே படகு கிடையாது. தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் பொதிந்து கட்டிய மிதவைதான்; ஓர் ஆள் உட்காரலாம். அதனால் நாங்கள் கரையில் தார்ப்பாய் விரித்துக் காத்திருப்போம், யாதய்யா கூடையோடு வந்து சேர்வார்.

என்ன மீன்கள்! விரால் என் முழங்கை நீளம், கெண்டை ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. எனக்குப் பார்க்கப் பார்க்க சந்தோஷம். மேடம் முகம் மட்டும் வாரத்துக்கு வாரம் வாடிக்கொண்டே போனது. கிழங்களாகவே வருகின்றன, குஞ்சு குட்டி ஒன்றுகூட இல்லையே, இந்த ஏரியில் இனப்பெருக்கம் நின்றுவிட்டது என்றார். கல்யாண வீட்டில் ஒரு குழந்தைகூட ஓடவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி. கடைசியில் மனசே இல்லாமல் அறிக்கை எழுதினார்: இரண்டு வருஷம் யாரும் வலை போடக் கூடாது. அது மேலே போய்விட்டால் யாதய்யாவின் ஆட்கள் கூலி வேலை தேடி சனத்நகர் ஃபாக்டரிகள் பக்கம் போக வேண்டியதுதான். டைப் அடித்துத் தயாராகிவிட்டது. செதில் சேகரிக்க ஒரே ஒரு வலை பாக்கி.

அன்றைக்குத்தான் நான் பஸ் மாறி ஏறினேன். தூக்கக் கலக்கம், வேறென்ன. ஏரிக்கு எதிர்க்கரையில் இறங்கிவிட்டேன். திட்டிக்கொண்டே கோரைப்புல் ஓரமாகச் சுற்றி நடந்து வரும்போது, கொஞ்ச தூரத்தில் மிதவைமேல் யாதய்யா. வலையை உதறி மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியது கூடைக்குள், சின்னது தண்ணீருக்குள். வெயிலில் மினுமினுவென்று பொடிமீன்கள் ஏரிக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன.

ஏன் என்று கரையிலிருந்தே கத்திக் கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. தெலுங்கில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "இவ்வளவு தூரம் பாக்க வர்றீங்க. பொடிசைக் கொண்டாந்து உங்க முன்னாடி வெச்சா எங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

விருந்தாளிக்கு நல்ல துண்டமாகப் பார்த்துப் போடுவதுபோல எங்களுக்கு மீன் காட்டியிருக்கிறார் மனிதர். அந்த உபசாரம் அவர் பிழைப்பிலேயே மண்ணைப் போட இருந்தது.

மேடம் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அறிக்கையை நாலாகக் கிழித்தார். யாதய்யாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எல்லா மீனும் வேண்டும் என்று சொல்லாதது எங்கள் தப்பு என்று அவரிடமே சொன்னார். என்னிடம் திரும்பி, "ஏட்டி, நீ பஸ் மாறி ஏறினது நல்லதாப் போச்சு" என்றார். வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் இதுதான் உயர்ந்தது. இத்தனைக்கும் தூக்கத்துக்குக் கிடைத்தது.

மறுபடி முதலிலிருந்து வலை போட்டோம். குஞ்சுகள் கூடை கூடையாக வந்தன. யாதய்யாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கூடையைக் கீழே வைக்குமுன் பொடிமீன்மேல் பெரிய விரால் ஒன்றைப் போட்டு மூடுவார். ஏரியை மூடச் சொல்லும் பேச்சே போயிற்று. மழைக்காலத்தில் முட்டையிடும் சமயம் மட்டும் வலை வேண்டாம் என்று எழுதினார் மேடம். அந்த வாரம் யாதய்யா கொடுத்தனுப்பிய விராலை அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு மட்டும் முன்வாசல் வழியாகவே என்னை உள்ளே விட்டாள்.

மேடம் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். போன மாதம் அந்த ஏரிப் பக்கம் போனேன். தண்ணீர் தெரியாமல் ஆகாயத்தாமரை, சுற்றிலும் கம்பிவேலி, நடைபாதை. யாதய்யாவைத் தெரிந்தவர்கள்கூட யாருமில்லை. வெகுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மிதவைகூட வரவில்லை. பார்க்க வந்தவளுக்குப் பெரியதைக் காட்டிச் சின்னதை மறைத்து மரியாதை செய்ய, அந்தக் கரையில் இப்போது யாருமில்லை.