கடிவாளத்துக்கு வைத்த சந்தனம்

எங்கள் குதிரை டஸ்டிக்கு வாய் ரொம்ப நாசூக்கு. கடிவாளம் போட்டாலே தலையை உதறும், வாயில் இருக்கும் இரும்பை நறநறவென்று கடிக்கும். ஆக்லாந்து கடைகளில் கிடைத்த வாயிரும்பையெல்லாம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சவாரி செய்வது என் மனைவி வானதி. கூடமாட நிற்பதுதான் என் வேலை.

ஆயுத பூஜையன்று கார், லேப்டாப்போடு கடிவாளத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். காதுக்குப் பின்னால் போகும் மெல்லிய வாரில் தாராளமாகவே அப்பிவிட்டேன். மறுநாள் வானதி ஏறியதும் டஸ்டி முன்னங்கால்களைத் தூக்கி நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவளோ அதட்டவில்லை, கத்தவில்லை. அதன் கழுத்தோடு சாய்ந்துகொண்டாள். கால்கள் தரையில் பட்டதும் மெதுவாக இறங்கி, கடிவாளத்தைக் கழற்றி உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"என்னங்க, காதுக்குப் பின்னாடி உறுத்துனதுக்கே இந்தத் துள்ளு துள்ளுது. இத்தனை நாளும் அங்கதான் வலிச்சிருக்கு. நாம வாயையே பாத்துட்டு இருந்திருக்கோம்!"

அந்த இடத்தில் அகலமாக, மெத்தென்று இருக்கும் கடிவாளமாகப் பார்த்து வாங்கினாள். இப்போது டஸ்டி தானே தலையை நீட்டுகிறது. கீழே விழப்போன நேரத்திலும் குதிரைக்கு என்ன வலி என்று யோசித்தாளே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இப்போதெல்லாம் கடிவாளத்தின் உள்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்த பிறகே அவளிடம் கொடுக்கிறேன். ஆயுத பூஜைச் சந்தனம் லாயக் கதவோடு சரி.

– செந்தில், ஒனிஹங்கா