நான் போனால் வந்துவிடும் வைஃபை

கெட்டுப்போன லேப்டாப்பைச் சரிசெய்ய யாராலும் முடியும். கெடாத லேப்டாப்பைச் சரிசெய்து கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம். கொடைக்கானல் பஜாரில், ஒரு சாக்லேட் கடைக்கும் ஒரு ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே என் சர்வீஸ் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் வெளியே நின்று நனைய வேண்டியதுதான். ஊரில் எல்லோருக்கும் நான் 'லேப்டாப் பாய்'. என் பெயர் சாதிக் என்பது வீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரியும்.

புது லேப்டாப் வாங்கி, மூன்றாம் நாளே வைஃபை காணாமல் போய், அணைத்துப் போட்டு, தட்டிப் பார்த்து, விற்றவனைத் திட்டி, கடைசியில் மனைவியிடமோ கணவரிடமோ எரிந்து விழுந்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் நாமெல்லாம் சொந்தக்காரர்கள். இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், வரும்.

துடைக்கத் துடைக்க

பள்ளங்கியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஜெயசீலன், அறை புக்கிங் பார்க்கச் சின்னதாக ஒரு லேப்டாப் வாங்கினார். பள்ளிக்கூட சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நாலே நாளில் போன் வந்துவிட்டது. "காலையில வைஃபை இல்ல பாய். சில நாள் வருது, சில நாள் வரல. ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். நல்லா அழுத்தித் தொடச்சா வருது." இருபது வருஷத்தில் இப்படி ஒரு வைத்தியத்தை நான் கேட்டதில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து எல்லாப் பொருள் மேலும் உட்கார்ந்துவிடும். மனிதர் தினமும் காலையில் ஒரு ஈரிழைத் துண்டை எடுத்துக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல கீபோர்டைத் துடைக்கிறார். மேல் வரிசையில் ஒரு விமானப் படம் போட்ட பொத்தான். அதை ஒரு தடவை அமுக்கினால் வைஃபை மொத்தமும் அணைந்துவிடும், இன்னொரு தடவை அமுக்கினால் திரும்ப வரும். துண்டு ஒரு தரம் பட்டால் போச்சு, இரண்டு தரம் பட்டால் வந்தாச்சு. கால் மணி நேரம் இதை விளக்கினேன். ஜெயசீலன் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே மலையைப் பார்த்தார். "அமுக்குனது நானாவே இருக்கட்டும் பாய். கொடைக்கானலுக்கு எவனாவது ஏரோப்ளேன்ல வர்றானா? இத இங்க விக்கிறவன் அத யோசிக்க வேண்டாமா?"

ஸ்டெல்லா டீச்சரின் வீட்டில்

பள்ளங்கி வெற்றியில் நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்த வாரத்தில்தான் செண்பகனூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். பதினோரு வருஷம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவர். பள்ளியை மூடிவிட்டார்கள். கணவர் அந்தோணி டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். மழைக்காலத்தில் வேனும் அவரும் சேர்ந்து வீட்டில் நிற்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை ஒன்றுக்கு டீச்சர் மனுப் போட்டிருந்தார். மூன்று சோதனை வகுப்புகள் தருவார்கள். ஒன்றையாவது அறுபடாமல் நாற்பது நிமிஷம் நடத்திக் காட்டினால் வேலை, இல்லையென்றால் இல்லை. அதற்காகவே வாங்கிய புதுக் குட்டி லேப்டாப், முதல் வகுப்பின் ஆறாவது நிமிஷத்தில் வைஃபையைக் கைவிட்டுவிட்டது.

போனேன். வைஃபை ஜம்மென்று வந்தது. டீச்சர் என்னை மோடத்தின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். மோடம் இரும்பு பீரோவின் மேல் தட்டில் இருந்தது. கீழ்த்தட்டில் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு சின்ன குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அது எரியாவிட்டால் இந்த ஈரத்துக்கு ஒரே மாதத்தில் பட்டுச் சேலையில் பூஞ்சை பூத்துவிடும். முந்தின மோடம் ஈரத்தில் வீணாய்ப் போனதால் புது மோடத்தையும் சேலைகளோடு சூட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். பீரோவின் முதுகில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. பல்பு வயரும் மோடம் வயரும் அது வழியாக உள்ளே வந்தன. நான் இந்த ஊரில் அரிசிப் பானை மேலும், மீன் தொட்டிக்குப் பின்னாலும், ஒரு வீட்டில் கோழிக் கூண்டுக்குள்ளேயும் மோடம் பார்த்தவன். ஆகவே பீரோ எனக்கு ரொம்ப கௌரவமான இடமாகத்தான் பட்டது.

லேப்டாப்பில் வைஃபையை இயக்கும் டிரைவரைப் புதுப்பித்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாக வைஃபையை அணைக்கும் வசதி ஒன்று உண்டு, அதன் டிக்கை எடுத்துவிட்டேன். விமானப் பொத்தானைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "இனிமேல் போகாது டீச்சர், என் பொறுப்பு" என்றேன். இந்த வாக்கியத்தை எங்கள் தொழிலில் யாரும் சொல்லக் கூடாது. டீச்சர் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க உள்ள வந்தாலே அது எந்திரிச்சு நிக்குது பாய். என்னயத்தான் மதிக்க மாட்டேங்குது."

பூண்டியில் காணாமல் போன நெட்

நடுவில் ஒரு நாள் பூண்டியிலிருந்து மாணிக்கம் என்பவர் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். பூண்டு விவசாயி. லேப்டாப்பையும் சாக்கில் பூண்டோடு போட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்தவுடன் எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நெட் வரவில்லை என்றார். என் கடை வைஃபையில் போட்டேன், நொடியில் வந்தது.

"வீட்டில் மோடம் எங்கே இருக்கு?" என்றேன். "அப்படி ஒண்ணும் எங்க வீட்டுல கெடையாதுங்க. நெட்டு அது பாட்டுக்குத் தானா வந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்தியதில், மதுரையில் படிக்கும் மகன் லீவுக்கு வந்திருந்ததும், திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்குத் திரும்பிப் போனதும் தெரிந்தது. லேப்டாப் இத்தனை நாளும் மகனுடைய போனிலிருந்துதான் நெட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் மாணிக்கம் அங்கேயே போனை எடுத்தார். பஜார் முழுக்கக் கேட்டது. "ஏலே, போறவன் துணிமணிய எடுத்துட்டுப் போனா சரி, வீட்டுல இருந்த நெட்ட எதுக்குலே தூக்கிட்டுப் போன?"

இரண்டாவது வகுப்பும் போச்சு

டீச்சரின் இரண்டாவது சோதனை வகுப்பு எட்டாவது நிமிஷத்தில் அறுந்தது. என் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போய் இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பல்பு எரிந்தது, மோடம் மின்னியது, சேலைகள் தொங்கின. எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது.

போன் நெட்டை வைத்து எடுக்கலாமே என்றேன். பேசுவதற்கே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும் என்றார். என் கடைக்கு வந்து எடுங்களேன் என்றேன். "உங்க பக்கத்துக் கடைக்காரரு நாள் பூரா 'சாக்லேட், சாக்லேட்'னு கூவுறாரு. புள்ளைங்க அதத்தான் மொதல்ல கத்துக்கும்" என்றார். ஒன்றும் தெரியாதபோது எங்கள் ஆட்கள் வோல்டேஜைக் குறை சொல்வார்கள். நான் கொடைக்கானல்காரன், மேகத்தைக் குறை சொன்னேன். மேகம் அடர்த்தியாக இறங்கினால் சிக்னல் தடுமாறும் என்று ஒரு விஞ்ஞானி போல எடுத்துவிட்டேன். டீச்சர் நம்பினார். அதுதான் எனக்கு உறுத்தியது. வாசலில் செருப்பைப் போடும்போது அந்தோணி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மேகம் எறங்குனா நான் வண்டிக்கு மஞ்ச லைட்டப் போட்டு ஓட்டிருவேன் பாய். வைஃபைக்கு எந்த லைட்டப் போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மூன்றாவது வகுப்பு

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைசி வாய்ப்பு. நானும் வந்து உட்காருகிறேன் என்றேன். "வேணாம் பாய். நீங்க இருந்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது" என்றுவிட்டார். கடையில் ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து ஏழுக்கு போன். டீச்சர்தான். "போயிருச்சு பாய். கடைசி வாய்ப்புங்கறதால பத்து நிமிஷத்துக்குள்ள திரும்பி உள்ள வந்தா மொதல்லருந்து எடுக்க விடுவாங்களாம், இல்லன்னா அவ்வளவுதான். வெரசா ஏதாவது சொல்லுங்க."

எனக்கும் வேறு வழி தெரியாமல், எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா? "இருங்க, பீரோவத் தெறந்து பாக்குறேன்" என்றார். கிரீச்சென்று ஒரு சத்தம். "எரியுது பாய். ஐயோ, வைஃபை வந்திருச்சு பாய்!"

எனக்குப் பிடரியில் யாரோ அறைந்தது போல இருந்தது. "பீரோவை எதுக்கு மூடினீங்க டீச்சர்?"

"மத்த நேரம் தெறந்துதான் கெடக்கும். கிளாஸ் எடுக்கையில மட்டும் கைப்பிடியத் திருகி நல்லா மூடிருவேன். எனக்குப் பின்னாடி கேமராவுல தெரியுதுல்ல? சேல, பாவாட, அவரோட கைலி, எல்லாத்தையும் புள்ளைங்க பாக்கவா?"

நாலு பக்கமும் இரும்புத் தகடு, நடுவில் மோடம். துரு ஓட்டை வழியாகக் கசிகிற சிக்னல் ஆறேழு நிமிஷத்துக்கு மேல் எப்படித் தாங்கும்? நான் போகும்போதெல்லாம் எனக்குக் காட்ட டீச்சரே கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறார். நானும் அதன் முன்னால் நின்றுகொண்டு மேகத்தைத் திட்டியிருக்கிறேன்.

மோடத்தை வெளியே எடுக்கச் சொன்னேன். துரு ஓட்டையில் வயர் இறுகிக் கிடக்கிறது, வராது என்றார். லேப்டாப்பை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன். "அங்க அவரு குளிச்சிட்டு வந்து துண்டோட நிக்கிறாரு பாய்!" மிச்சம் இருந்தது ஒரே வழி. "அப்போ மூடாதீங்க டீச்சர். திறந்தபடியே எடுங்க." "மானம் போயிரும் பாய்." "மூடினா வேலை போயிரும் டீச்சர்." பிறகு போனை ஜன்னல் கட்டையில் வைக்கும் சத்தம் கேட்டது. வைத்தாரே தவிர, அணைக்க மறந்துவிட்டார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் கூவ வாயைத் திறந்தார், கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

வகுப்பு ஆரம்பித்த மறு நிமிஷமே ஒரு குழந்தை கேட்டது: "டீச்சர், உங்க அலமாரிக்குள்ள ஏன் லைட் எரியுது?" எனக்கு உள்ளங்கை வேர்த்தது. கொடைக்கானலில் அது சாமானிய விஷயம் இல்லை. அப்புறம் டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல கேள்வி. எங்க ஊர்ல மேகம் வீட்டுக்குள்ளயே வந்துரும். வந்தா துணியெல்லாம் ஈரமாயிரும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க, ஈரம்" என்றார். பிள்ளைகள் ஈரம் என்றன. பிறகு பூஞ்சை, கம்பளி, சூடு, சேலை என்று பீரோவின் ஒவ்வொரு தட்டாகப் பாடம் போனது. கைலிவரைக்கும் போனது. "எங்க வீட்டுக்குள்ள ஏசிதான் டீச்சர் வரும், மேகம் வராது" என்று ஒரு குழந்தை ஏக்கமாகச் சொன்னது. நாற்பது நிமிஷத்தில் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வகுப்பு முடிந்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் சால்டரிங் புகை என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சரே கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வேல கெடச்சிருச்சு பாய். ஆனா ஒரே ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க. கிளாஸ் எடுக்கையில பீரோவ மூடக் கூடாதாம், புள்ளைங்க கேக்குதாம்."

இப்போதெல்லாம் வைஃபை வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் லேப்டாப் மாடலைக் கேட்பதில்லை, நான் வராத நேரத்தில் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்றுதான் கேட்கிறேன். இதுவரை இரண்டு பேர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்கள்.