டெனர் வரிசையில் டெய்சி அக்கா

குத்தாலத்தில் ஒரு கடைக்கு விதைநெல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மஸ்கட்டிலிருந்து ஜெயராஜ் அழைத்தான். "அண்ணே, நம்ம டெனர் போயிட்டாங்க" என்றான். கும்பகோணத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடிக்கொண்டிருந்தவன் ஜெயராஜ்தான். இருந்தும் அவன் யாரைச் சொல்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. டெய்சி அக்காவைத்தான். அடுத்த தெருவில் இருக்கும் எனக்கு முன்னால் கடல் தாண்டி இருப்பவனுக்குச் செய்தி போய்விட்டது. அக்கா இருந்திருந்தால் இதற்கே என்னை ஒரு மாதம் கிண்டல் செய்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெய்சி அக்கா தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நடவு வேலைக்குப் போன குடும்பத்தில் முதலில் படித்தவர். குரல் நல்ல கனம். மருத்துவமனைத் தொலைபேசியை அவர் எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர்கள் "சார், டாக்டர் இருக்காரா?" என்பார்கள். "சார் வீட்டுக்குப் போயிட்டாரு. சிஸ்டர்தான் இருக்கேன், சொல்லுங்க" என்று சிரிக்காமல் பதில் சொல்வார். கேலியை இப்படி முந்திக்கொள்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் பாட்டு என்று வந்தால் அந்தத் துணிவு போய்விடும். பள்ளியில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவிலும் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில், கடைசி ஆளாகத்தான் நின்றார். "கொஞ்சம் மெதுவாப் பாடும்மா" என்பது எங்கள் கொயர் மாஸ்டர் சத்தியம் சார் அவரிடம் வாராவாரம் சொன்ன வாக்கியம்.

சத்தியம் சார் ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்குப் பெரிய ஆசை ஒன்றைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஓர் ஆரட்டோரியோவின் கோரஸ். ஆரட்டோரியோ என்றால் வேடமும் மேடைக்காட்சியும் இல்லாமல், வேதக் கதையை முழுக்கப் பாட்டாகவே சொல்வது. அந்தக் கோரஸில் வார்த்தைகள் மொத்தமே நாலு வரி. அதை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்திருக்கிறார்கள். முதலில் நான்கு குரலும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே சொல்லைச் சுவர் எழுப்பியது போல நிறுத்தும். பிறகு பெண்களின் மேல்குரலான சொப்ரானோ தனியாக ஒரு மெட்டை எடுக்கும். அது முடிவதற்குள் ஆல்ட்டோ அதே மெட்டோடு நுழையும், அடுத்து டெனர், கடைசியில் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ், அதாவது நான். ஒரே எழுத்தின் மேல் ஒரு மூச்சு நிறைய சுரங்கள் ஓடும். எங்கள் தொண்டைகள் கீர்த்தனையில் வளர்ந்தவை. ஒவ்வொரு சுரத்தையும் குழைத்து, அசைத்து, அலங்காரம் செய்து வைத்தோம். "குழைக்காதீங்க, படிக்கட்டு மாதிரி ஒவ்வொண்ணா வைங்க" என்று சார் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் எல்லாக் குரலும் முட்டி மோதிக்கொண்டு வரும்போது திடீரென்று ஒரு மௌனம். அதன் பிறகு நிதானமாக, நான்கு குரலும் சேர்ந்து முடிப்போம்.

இந்த நுழைவு விவகாரம் எங்களுக்கு விளங்கவே இல்லை. ஒருவர் பாடும்போது இன்னொருவர் ஏன் குறுக்கே வர வேண்டும் என்று நானே கேட்டேன். சார் ஒரு மணி நேரம் விளக்கினார். பின்வரிசையிலிருந்து டெய்சி அக்கா, "மேல் வயல்ல தண்ணி பாஞ்சுகிட்டே இருக்கு. அது நிக்கிறதுக்குள்ள அடுத்த வயலுக்கு மடை திறக்கறோம். தண்ணி ஒண்ணுதான், முறைதான் வேற" என்றார். சார் விளக்கியதும் அதுதான். ஆனால் எங்களுக்கு நெல் வழியாகத்தான் எதுவும் ஏறும்.

அது ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம். வளைகுடா விசா ஒரு பக்கம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை இன்னொரு பக்கம். ஏனோ டெனர் பாடுகிறவர்களுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. கடைசியாக இருந்த ஜெயராஜும் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். டெனர் இல்லாவிட்டால் மூன்றாவது வயல் காய்ந்துவிடும், அதற்குக் கீழே இருக்கும் எனக்கும் தண்ணீர் வராது. அப்போதுதான் டெய்சி அக்கா எழுந்து, "சார், டெனர் எனக்கு வரும். நான் நிக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் தனக்காக எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தியம் சார் நல்ல மனிதர், ஆனால் சபைக்குப் பயந்தவர். "பொம்பளப் பிள்ளை ஆம்பளைங்க இடத்துல நின்னா ஜனங்க சிரிக்கும்மா" என்றார். அக்கா சரி என்று உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் வாயை மட்டும்தான் அசைத்தார்.

சார் கண்டுபிடித்த வழி வேறு. ஜெயராஜ் மஸ்கட்டில் தன் அறையிலிருந்தே டெனர் பகுதியைப் பாடிக் கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். ஆராதனையில் டெனர் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் டேப் ரிக்கார்டரை வைத்துப் பாட வைப்பது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று நாங்கள் எல்லோரும் சாரின் மூளையை மெச்சினோம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எதுவும் சரியாகவே வேலை செய்யும் என்று நம்பியிருந்தோம்.

கிறிஸ்துமஸ் ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. ஜெயராஜின் அம்மா மகனைக் கேட்பதற்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்கு குரலும் சேர்ந்து எழுப்பும் சுவர் அருமையாக எழுந்தது. சொப்ரானோ மெட்டை எடுத்தார்கள், ஆல்ட்டோ நுழைந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோயில் பணியாளர் வெளியே நட்சத்திரத்தையும் கோபுரம் முழுக்கச் சுற்றியிருந்த சீரியல் லைட்டையும் போட்டார். வோல்டேஜ் விழுந்தது. டேப் ரிக்கார்டர் இழுக்க ஆரம்பித்தது. டெனர் நுழைய வேண்டிய இடத்தில் ஜெயராஜ் சினை எருமை போல இரண்டு சுரம் முனகினான். "பிள்ளைக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்று அவன் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சாரின் கை அந்தரத்தில் நின்றது.

டெய்சி அக்கா ஆல்ட்டோ வரிசையை விட்டு இறங்கினார். டேப் ரிக்கார்டரை அணைத்தார். அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்று, மூன்றாவது சுரத்திலிருந்து மெட்டை எடுத்தார். சொப்ரானோ பாடிய அதே மெட்டு, ஒரு ஸ்தாயி கீழே, முழுத் தொண்டையில். எங்கோ யாரோ சிரித்தார்கள், உண்மைதான். அடுத்த வரிக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் என் இடத்தில் நுழைந்தேன். நான் பாடியதிலேயே சுருதி சுத்தமாக இருந்த நாள் அதுதான்.

ஆராதனை முடிந்ததும் சத்தியம் சார் அவரிடம் வந்து, "அடுத்த வாரமும் அங்கேயே நில்லும்மா" என்றார். "நிக்கிறேன் சார். ஜெயராஜ் லீவுல வந்தான்னா என் பக்கத்துல நின்னுக்கட்டும்" என்றார் அக்கா. அப்படியேதான் நடந்தது. ஜெயராஜ் ஒவ்வொரு விடுமுறையிலும் வந்து, தான் விட்டுப்போன இடத்தில் அக்காவைப் பின்பற்றிப் பாடிவிட்டுப் போனான். வெளிநாட்டு வாழ்க்கை முடித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்த மற்றவர்களும் அவருக்குப் பின்னால்தான் நின்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அக்கா அந்த வரிசைக்குத் தலைவியாகவே இருந்தார்.

அவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கோரஸைத்தான் பாடினோம். அழுகைப் பாட்டு கூடாது என்று அக்கா வீட்டில் சொல்லியிருந்தாராம். சொப்ரானோ நுழைந்தார்கள், ஆல்ட்டோ நுழைந்தார்கள். டெனரில் இப்போது ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவரும் நுழையவில்லை. எல்லோரும் பழக்கத்தில் அக்கா எடுக்கட்டும் என்று காத்திருந்துவிட்டார்கள். பாட்டு பாதியில் நின்றது.

அக்காவின் கணவர் அருளப்பன் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவர்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ல அவ முணுமுணுக்கத்தான் செய்வா, அக்கம்பக்கத்துல சிரிப்பாங்கன்னு. உங்ககூட நின்னாத்தான் வாயைத் திறந்து பாடுவா. அவ முன்னாடி மெதுவாப் பாடாதீங்க" என்றார்.

முதலிலிருந்து எடுத்தோம். அழுதுகொண்டே பாடினோம், ஆனால் யாரும் குரலை இறக்கவில்லை. மறுநாள் அரசலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் கடைக்காரர் என்னிடம், நேற்று உங்கள் பக்கம் என்ன விசேஷம், பாட்டு இவ்வளவு தூரம் கேட்டதே என்று விசாரித்தார். எங்கள் டெனருக்கு விசேஷம் என்று சொன்னேன். அந்தச் சத்தத்தைத்தான் அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தியம் சாருக்குப் பிறகு குழுவை நடத்துவது நான். மெதுவாகப் பாடு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.