நின்றவள் ஏற்றும் கற்பூரம்

நெட்டுக்குப்பத்தில் எங்களுக்கு எது வந்தாலும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான் காரணம். இருமினால் அது, முடி கொட்டினால் அது. பாதிக்கு மேல் உண்மையும்கூட. அதனால் ஐம்பது வயதில் எனக்குத் திடீர் திடீரென்று கழுத்திலிருந்து நெருப்பு ஏறி, ஜாக்கெட் நனைய வியர்த்தபோது, வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வைத்தியம் முடிந்தது.

பக்கத்து வீட்டில் நாத்தனார், அவருடைய அக்கா. அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம். எங்கள் குப்பத்தில் அது ஒரு பதவி உயர்வு. தீட்டுக்காரி படகையோ வலையையோ தொடக் கூடாது. நின்றுபோனவள் தொடலாம், வெள்ளிக்கிழமைகளில் படகுக்குக் கற்பூரமும் ஏற்றலாம். முப்பது வருடம் மீன்கூடை சுமந்து கிடைக்காத மரியாதை, தீட்டு நின்றதும் கிடைத்துவிட்டது. கற்பூரத் தட்டை அவள் யாரையும் தொட விட மாட்டாள்.

"எனுக்கு நின்னப்போ நான் இந்த மாதிரியா பேஜாரு பண்ணிகினு இருந்தேன்?" என்று என்னைக் கேலி வேறு செய்வாள்.

தூக்கமும் போனபிறகு, நானே ராயபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். புகை இல்லையாம், வயசாம். ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று மார்பைப் பரிசோதித்து, ஸ்கேன் எழுதி, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று குடைந்தார். கடைசியில், "நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரணும்மா. புற்றுநோயாக்கூட இருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் மாதிரியே விரலை ஆட்டி நாத்தனாரிடம் நடித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒரு சொட்டுக்கேவா?"

"உனுக்கு இன்னா அண்ணி, நீ பெரிய பதவியில கீற."

"அஞ்சு மாசமா பட்டுகினு கீதுமே," என்றாள், தலையைத் தூக்காமல். "சொன்னா தட்டைப் புடுங்கிக்குவாங்க."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற எனக்கு அன்று பயமாக இருந்தது. ஐந்து மாதமும் பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே அவளை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தார். படகு காத்திருக்கிறதாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ அஞ்சு மாசமா படகு தீட்டுலயா கீது?" என்றார்.

"படகு நல்லாத்தான் கீது. அஞ்சு மாசமும் மீனு வந்துகினுதான் இருந்துச்சு. உங்கக்காளுக்கு இன்னா ஆச்சுன்னு கேளுய்யா."

அவர் கேட்கவில்லை. பஸ் வந்ததும் தட்டை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு, எங்களோடு ஏறினார்.