கோப்பிக்கொட்டை நிறக் கூரை

"மார்ச், இரண்டாம் சனி. பகல். போர்வை கேட்டாள். பெயின்ட் வேலை செய்கிறது."

எங்கள் சுவர்க் கலண்டரில், அந்தச் சனிக்கிழமைக் கட்டத்துக்குள், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. மற்றக் கட்டங்களில் மழை, மின்வெட்டு, கிளினிக் நாள் போன்றவைதான். இதில் மட்டும் கடைசி இரண்டு சொற்களின் கீழே கோடு இழுத்திருக்கிறேன்.

அம்பிட்டியவில் எங்கள் வீடு மலைச் சரிவில் நிற்கிறது. மேல் அறைக்குத் தகரக் கூரை. என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, கழுத்தில் குழாய் வைத்து இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கியபின் அவள் அந்த அறையில், மலைப் பக்கமாகப் போட்ட கட்டிலில்தான் படுத்தாள். குளியலறை அதனோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மார்ச் வெயிலில் தகரம் காய்ந்தால் அறை காயும்; அறை காய்ந்தால் அவள் நாக்கு காயும். ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பகல் முழுவதும் சீலிங்கைப் பார்த்துக் கிடப்பாள். அந்த அறையைக் கொஞ்சமாவது குளிர்விக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

"கூரைக்கு வெள்ளை அடிச்சிருவோம்" என்றேன்.

"நான் இருக்கையிலேயே சாவு வீட்டு வெள்ளக் கொடி கட்டப் பாக்குறீங்களா?" என்று சிரித்தாள். பிறகு காரணமும் சொன்னாள். "மேல் வீட்டு அம்மா ஜன்னலத் தொறந்தா நம்ம கூரதான் தெரியும். அவங்களுக்குக் கண்ணு கூசாதா? அடுத்த மழைக்குப் பாசி வேற புடிச்சிரும். கோப்பிக்கொட்டை கலர்ல அடிங்க."

கறுத்த நிறம் வெயிலைக் குடிக்கும் என்பது பள்ளிப் பாடம். அதற்கு விதிவிலக்கு உண்டென்று வாசித்திருந்தேன். வெயிலின் சூட்டில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. உலோக ஒக்சைட்டுகளைக் கலந்து சுட்டெடுக்கும் சில நிறமிகள் பார்வைக்குக் கறுப்பாகவோ கோப்பிக்கொட்டை போலக் கபிலமாகவோ இருந்தாலும், அந்தத் தெரியாத பாதியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

வத்தேகமவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரிடம் அந்தப் பெயின்ட் இருந்தது. நாங்கள் அவரை நானா என்றுதான் அழைப்போம். மழைநீர் வடியும் கபில நிற பிளாஸ்டிக் பீலி ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதுலயும் அதே பொடிதான் போட்டிருக்கு. சாதாப் பீலின்டா வெயில்ல வாழப்பழம் மாதிரி வளஞ்சி போவும். இது எப்படி நேரா நிக்குது பாருங்க." இரண்டு வாளி பெயின்டை எடுத்து வைத்துவிட்டு, "வீட்டுல அவங்களுக்கு எப்படி? நாங்களும் துஆ செய்றோம்" என்றார்.

மனைவியின் தம்பி பெயின்டர். நாங்கள் கிளினிக் போயிருந்த நாளில் அவன் அடித்து முடித்தான். திரும்பி வரும்போது ஆட்டோவை மேல் வீதியிலேயே நிறுத்தச் சொல்லி, அவள் எங்கள் கூரையைக் குனிந்து பார்த்தாள்.

"எப்படிக்கா?" என்று அவன் கீழேயிருந்து கத்தினான்.

"அப்படியே ஊத்திக் குடிக்கலாம் போல இருக்குடா! அதுக்கும் அளவு வச்சிருவாரு ஒன் மச்சான்!"

அதற்கடுத்த சனிக்கிழமைதான் கலண்டரில் இருப்பது. நல்ல வெயில் நேரத்தில் போர்வை கேட்டாள். போர்த்திவிட்டேன். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். ஞாயிறும் கேட்டாள். திங்கள் ஐஸ் கூட வேண்டாமென்றாள். மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். செவ்வாய் காலை கட்டில் ஆடுமளவுக்கு நடுங்கினாள்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துப் பெண் மருத்துவர் ஒருவர் கேட்டார். "எப்ப தொடக்கம் குளிருது, அம்மா?"

"இன்னைக்குத்தான். முந்தி இருந்தது கூரக் குளிர்ச்சி டொக்டர். இவரு பெயின்ட் அடிச்சாரு."

"கூரையோ?" மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நான் விளக்கினேன். அகச்சிவப்புக் கதிர், நிறமி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை வெளியே அழைத்து, "குழாயாலதான் கிருமி ரத்தத்துக்குள்ள போயிருக்கு. முந்திக் குளிர்ந்ததும் காய்ச்சலாத்தான் இருக்கும் ஐயா. கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை அவள் இறந்தாள்.

கருமாதிக்கு மறுநாள் தம்பி முற்றத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தபடி இருந்தவன், "அக்கா கேட்ட கலரு வந்துச்சில்ல, மச்சான்?" என்றான். "வாளியத் தொறந்தா பால் தேத்தண்ணி மாதிரி இருந்துச்சு. அக்காவுக்குப் புடிக்காதேன்னு கறுப்புச் சாயம் ஒரு குப்பி வாங்கி ஊத்துனேன். ரெண்டாவது வாளிக்குக் குப்பி பத்தல. நானாகிட்டக் கொண்டு போனேன், அவரு அந்தப் பொடியிலயே கடுங்கலரக் கூட்டிக் குடுத்தாரு. ஒரு பக்கம் நான் கலந்தது, ஒரு பக்கம் அவரு கலந்தது. யாராச்சும் கண்டுபுடிக்கட்டும் பாப்போம்!"

குப்பிக் கறுப்பு என்பது கரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாததையும் அது ஒருசேர விழுங்கும். ஒரு வாளி நிறமியின் வேலையைக் கெடுக்க ஒரு குப்பி போதும்.

"மலப் பக்கம் எதத் தம்பி அடிச்ச? மொத வாளியா?"

"தெரியல மச்சான். மழ இருட்டிட்டு வந்துச்சு, அவசரமா அடிச்சேன். ஏன், அங்க கலரு வேற மாதிரி தெரியுதா?"

"இல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. நல்லா வந்திருக்கு" என்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் கட்டில் மலைப் பக்கம் இருந்தது. அதற்கு மேலே நானா கலந்தது இருந்தால், அந்தச் சனிக்கிழமை அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் சுகமாக இருந்திருக்கலாம். தம்பி கலந்தது இருந்தால், அது முதல் நாளிலிருந்தே காய்ச்சல்; நாங்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். வெயில் நாளில் ஏணி வைத்து ஏறி இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் சுடுகிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் இரண்டு மார்ச் மாதங்கள் வந்துபோயின. நான் ஏறவில்லை. மலைப் பக்கத்துக்கு அடித்தது எந்த வாளி என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.